உலர்ந்த இடத்தில் வைத்த கட்டை

என்னைக் கோபக்காரி என்று சொல்லாதவர்கள் குறைவு. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கோபமே வராத மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் சேர்த்து வீட்டில் வேறு யாராவது கோபப்பட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஒரு அடைமழைக் காலத்தில் என் கோபம், ரோஷம், வாய் எல்லாம் ஒரு டார்ச் லைட்டுக்கு முன்னால் அடங்கி உட்கார்ந்தன.

அப்போது நான் தேன்கனிக்கோட்டையிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு ஊரில் பிரசவ நர்ஸாக இருந்தேன். சேலம் ஜில்லாவின் கடைக்கோடி. ஊர் எல்லையில் நின்று கூப்பிட்டால் மைசூர் ராஜ்யத்தில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். பதினெட்டு வயதில் கணவர் போய்விட்டார். இரண்டு வருஷம் அண்ணன் வீட்டு அடுப்படியில் கழிந்தது. பிறகு அழுது அடம்பிடித்துப் பிரசவப் படிப்புப் படித்தேன். வேறு யாரும் போக ஒப்பாத இந்த மூலையில் எனக்கு வேலை போட்டார்கள்.

எங்கள் ஊரில் என் வெள்ளைப் புடவையைக் கண்டால் எதிரே வராதே என்பார்கள். இங்கே அதே வெள்ளைப் புடவையைக் கண்டு, "நர்ஸம்மா வர்றாங்க, வழி விடுங்க" என்றார்கள். அந்த ஒரு காரணம் போதாதா? வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் முதல் வருஷம் முடிகிறவரை அது நிரந்தரமில்லை. சேலத்திலிருந்து டாக்டரம்மா வந்து பார்வையிட்டு, இவள் தேறுவாள் என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறுபடி அண்ணன் வீடு. அண்ணன் கெட்டவரில்லை. அந்த அடுப்படிதான் எனக்கு ஆகாது.

அங்கே முதலில் என்னைப் படுத்தியது பாஷை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார்கள். எனக்கு உதவிக்கு இருந்தவளை ஆயா என்று கூப்பிடுவோம். ஆயா என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம், என்னைவிட நாலு வயதுதான் மூத்தவள். வீட்டில் தெலுங்கு. வந்த முதல் நாள் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டி, "சூடு, நர்ஸம்மா, சூடு" என்றாள். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தண்ணீர் பச்சைத் தண்ணீர்தான். சூடு என்றால் தெலுங்கில் பார் என்று அர்த்தமாம். இன்னொரு நாள் கன்னடக்காரி ஒருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் "சாக்கு, சாக்கு" என்றாள். போதும் என்கிறாள் என்று தெரியாமல் ஓடிப்போய்க் கோணிச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்தேன். அவள் பிரசவ வலியையும் மறந்து சிரித்தாள். ஊரே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பாஷையில் இரண்டு தெரியாது, சரி. தமிழாவது எனக்குத் தெரியும் என்று வீம்பாக இருந்தேன்.

அந்தத் தமிழ்தான் என்னைக் கவிழ்த்தது.

பக்கத்து அறையில் மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் தருமபுரிப் பக்கத்துக்காரர். எனக்கு முன்னால் ஆறு வருஷம் அங்கே இருந்தவர். பிரசவ விடுதியின் சாமான்கள் எல்லாம் அதுவரை அவர் பொறுப்பில் இருந்தன. நான் வந்ததும் கத்தரிக்கோல், பேசின், குழந்தை நிறுக்கும் தராசு, டார்ச் லைட் என்று வரிசையாகக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். டார்ச் பித்தளையில் செய்து வெள்ளை முலாம் பூசியது, கனமானது. ராகி அறுப்புக் காலத்தில் அந்தப் பக்கம் யானை இறங்கும். பொழுது சாய்ந்து பிரசவத்துக்குக் கூப்பிட வந்தால், முதலில் டார்ச் எரிகிறதா என்றுதான் கேட்பார்கள், பிறகுதான் நர்ஸம்மா வருவாளா என்று. பக்கத்து நிலையத்து நர்ஸ் ஒருத்தி டார்ச்சைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டாள் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். ஆகவே நான் அதைத் தொடவே பயந்தேன். முடிந்தவரை அரிக்கேன் விளக்கோடு போய்வந்தேன். தொட்டால் தேய்ந்துவிடும் என்பது போல டார்ச்சைப் பையிலேயே வைத்துப் பாதுகாத்தேன்.

ஐப்பசியில் கம்பவுண்டர் ஒரு மாத லீவில் சிங்காரப்பேட்டைக்குப் புறப்பட்டார். தங்கைக்குக் கல்யாணம். ரோட்டடியில் பஸ் ஏற்றிவிட நானும் போயிருந்தேன். மழை அப்போதே பிடித்துக்கொண்டிருந்தது. பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"நர்ஸம்மா! கட்டையெல்லாம் எடுத்து ஒலர்ந்த எடத்துல வெச்சிடுங்க! ஊறிக்கினா போச்சு, மறந்துடாதீங்க!"

"சரி சார்!" என்று நானும் கத்தினேன்.

எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். வெந்நீர் போடுவதற்கான விறகுக் கட்டை விடுதியின் பின்சுவர் ஓரமாகத் திறந்தவெளியில் அடுக்கியிருந்தது. கிட்டத்தட்ட ஒரு வண்டி லோடு. திரும்பியதும் ஆயாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவரச் சொன்னேன்.

"எல்லாத்தையுமா? என்னாத்துக்குங்க?" என்றாள்.

"கம்பவுண்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்."

"ஆறு வருசமா வெறவு வெளியதான் கெடக்குது. அவரு ஒரு நாளும் அதை எட்டிப் பாத்ததில்லியே."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு தூக்கு என்றேன். பிரசவ அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கூரை எட்டும்வரை அடுக்கினோம். இரண்டு தேள், ஒரு பூரான், எனக்கு இடுப்புப் பிடிப்பு. ஆயா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. நானோ வேலையைச் செவ்வனே முடித்துவிட்ட பெருமையில் இருந்தேன்.

இருபத்தைந்து நாள் கழித்து, லீவு முடியுமுன்பே கம்பவுண்டர் திரும்பி வந்தார். வரும்போதே ஒரு செய்தியோடு வந்தார். டாக்டரம்மா ஓசூரில் வந்து இறங்கியாகிவிட்டது, நாளை மாலை மூன்று மணிக்கு இங்கே. எனக்குக் கொஞ்சம் படபடப்பு, ஆனால் பயமில்லை. எல்லாம் துடைத்துத் துப்புரவாக இருந்தது. கம்பவுண்டர் சாமான்களை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டே வந்து, "கட்டை எங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.

நான் பெருமையாகப் பிரசவ அறையைத் திறந்து காட்டினேன்.

அவர் விறகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி விறகைப் பார்த்தார்.

"நான் கேக்கறது பேட்டரிக் கட்டைங்க!"

"பேட்டரிக் கட்டையா? அது என்ன?"

"டார்ச்சுக்குள்ள போடறாங்களே, அது! மழைநாள்ல சும்மா கெடந்தா உள்ளயே ஊறிக் கசிஞ்சிடும், எடுத்து வெய்யுங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனேனே!"

எங்கள் வீட்டில் டார்ச்சே கிடையாது. படித்த இடத்தில் அதை செல் என்றார்கள். கட்டை என்றால் எனக்கு விறகுதான். அதைச் சொன்னேன்.

"வெறவை நாங்க வெறவுன்னு சொல்லுவோம். கட்டைன்னா கட்டை" என்றார் அவர்.

ஆயா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் எரிச்சலோடு பையிலிருந்து டார்ச்சை எடுத்தேன். பொத்தானைத் தள்ளினேன். எரியவில்லை. அடிமூடியைத் திருகினேன், அசையவில்லை. மூடியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, அதன் ஓரம் பச்சை பிடித்திருந்தது. முந்தானையால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

கம்பவுண்டர் மெல்லப் பின்வாங்கினார். "கையெழுத்து உங்களுதுங்க, நர்ஸம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். சரியான சமயத்தில் நழுவத் தெரிந்த மனிதர். அவர் மேல் வந்த கோபத்தில் மூடியை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன். அதற்கும் அசையவில்லை.

அண்ணன் வீட்டு அடுப்படி, அதன் கரி படிந்த சுவர், அண்ணி எடுத்துப் போடும் பழைய சோறு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். ஆயா பக்கத்தில் வந்து குந்தினாள். சிரிப்பு நின்றிருந்தது.

"எந்திரிங்க. மூடி எறுகிக்கினா வெந்நீர்த் துணி சுத்தினா எளகும். ஊறுகாய் ஜாடிய அப்டித்தானே தொறக்கறோம்?"

வெந்நீர் போட்டோம். அந்த மழையில் ஊரெல்லாம் ஈர விறகை ஊதிக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்க, எங்கள் அடுப்பு மட்டும் ஜம்மென்று எரிந்தது. துணியைத் தோய்த்துச் சுற்றி, ஆறினால் மறுபடி தோய்த்து, நாலாவது தடவையில் மூடி கறகறவென்று திரும்பியது. உள்ளே பார்த்தால் மூன்று கட்டையும் ஊதிப்போய்க் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கவிழ்த்துத் தட்டினால் வெள்ளைத் தூள்தான் விழுந்தது.

விடிந்ததும் டார்ச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டைக்கு நடந்தேன். கடைவீதியில் பாய் ஒருவர் மண்ணெண்ணெய், விளக்குத் திரி, சிம்னி, பேட்டரிக் கட்டை எல்லாம் விற்பார். கடையை அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லாமல் டார்ச்சை மட்டும் நீட்டினேன். மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"கக்கிடுச்சு" என்றார். "இந்த மழைக்கு இது ஒம்பதாவது."

ஒன்பதாவது என்றதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. துக்கத்தில் கூட்டாளி இருந்தால் ஒரு ஆறுதல்தான். பாய் தலைப்பக்கத்துக் கண்ணாடியையும் பல்பையும் கழற்றி வைத்தார். குழாய்க்குள் சுடுதண்ணீர் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டார். பிறகு ஒரு மரக்கட்டையால் தலைப்பக்கமிருந்து குத்தித் தள்ளச் சொல்லி என்னிடமே கொடுத்தார். குத்தினேன். கம்பவுண்டரை நினைத்துக்கொண்டு குத்தினேன். முதல் கட்டை பொத்தென்று விழுந்தது. அடுத்தது. மூன்றாவது பாதி பாதியாக வந்தது. வெளித்தகடு சல்லடையாக ஓட்டை விழுந்து, உள்ளிருந்த கரிப்பசை வழிந்து காய்ந்திருந்தது. செல்லரித்தது என்றால் கரையான் அரித்தது என்றுதான் நான் படித்திருந்தேன். இங்கே செல்லே அரித்திருந்தது.

"மூணும் ஒரே நாள்ல வாங்கினதாம்மா?" என்று கேட்டார் பாய்.

"தெரியாதே. நான் வருவதற்கு முன்னாலேயே போட்டது."

"இதுல ஒண்ணு ரொம்பப் பழசு. பழசையும் புதுசையும் கலந்து போட்டா பழசு மொதல்ல செத்துடும், செத்தது கக்கும். போட்டா மூணும் புதுசா போடுங்க. வெளிச்சம் மஞ்சளாச்சுன்னா மூணையும் எடுத்துடுங்க. சில பேரு வெயில்ல காய வெச்சு, அடுப்பு மேட்டுல வெச்சு மறுபடி போடுவாங்க. ரெண்டு நாளைக்கு எரியும், அப்புறம் இதே கதிதான். பத்து நாளைக்கு வேலை இல்லேன்னா கட்டைய வெளிய எடுத்துக் காகிதத்துல சுத்தி டப்பாவுல வெச்சிடுங்க."

டார்ச்சுக் கட்டை என்று கம்பவுண்டரும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருந்தால் எனக்கு இந்தப் பாடு இல்லை. அவர் கடையிலும் பிஸ்கட் டப்பா ஒன்றில் புதுக் கட்டைகளைக் காகிதம் சுற்றி நிறுத்திவைத்திருந்தார். அதன் பிறகு முப்பது வருஷம் நான் எத்தனையோ ஊரில் வேலை பார்த்தேன். என் கையிலிருந்த ஒரு டார்ச்சும் கக்கியதில்லை. பாய் சொன்னதை அப்படியே செய்தேன், வேறு ஒன்றும் செய்யவில்லை.

மூன்று புதுக் கட்டையும் ஒரு துண்டு உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு விடுதிக்குத் திரும்பினேன். ஆயா புளி கரைத்து வைத்திருந்தாள். குழாயின் உட்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலம்பி, அடுப்புப் பக்கம் காட்டிக் காயவைத்தோம். மூடியில் இருந்த ஸ்பிரிங்தான் மோசம். துருவும் பச்சையும் ஏறி அழுந்திக் கிடந்தது. அதை உப்புத்தாளால் சுருள் சுருளாகச் சுரண்டினேன். விரல் நுனி தேய்ந்து ரத்தம் கசிந்தது. தொட்டால் தேயும் என்று பயந்து வைத்திருந்த டார்ச் என் விரலையல்லவா தேய்த்தது! ஒரு மணிக்குக் கட்டைகளைப் போட்டு மூடியைத் திருகினேன். கண்ணை மூடிக்கொண்டு பொத்தானைத் தள்ளினேன்.

"எரியுது! எரியுது, நர்ஸம்மா, சூடு!" என்று ஆயா கத்தினாள். இந்தத் தடவை கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்த்தேன். பட்டப்பகலில் சுவரில் ஒரு வெளிச்ச வட்டம். அதைப் போல அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டாக்டரம்மா மூன்று மணிக்கு ஜீப்பில் வந்தார். மெட்ராஸ்காரர், நெட்டையான உருவம், சிரிக்காத முகம். கத்தரிக்கோலைப் பார்த்தார், பேசினைப் பார்த்தார், பதிவேட்டைப் புரட்டினார். அடுத்து பிரசவ அறைக் கதவைத் திறந்தார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. டார்ச்சோடு மல்லுக்கட்டியதில் விறகை வெளியே எடுக்க மறந்தேபோனோம்.

"இது ஆஸ்பத்திரியா, விறகுத் தொட்டியா?" என்றார்.

கம்பவுண்டர் கூரையைப் பார்த்தார்.

"பிரசவம் பார்க்கிற ரூம்ல தேளும் பூச்சியும் சேர்க்கவா உன்னை அனுப்பியிருக்கு? இதுதான் நீ படிச்ச சுத்தமா?"

முடிந்தது என்று நினைத்தேன். டார்ச்சைக் காப்பாற்றி விறகில் போய் விழுந்தேனே! பெட்டியில் எந்தப் புடவையை மேலே வைப்பது என்பதுவரை மனம் ஓடிவிட்டது. அப்போது ஆயா முன்னால் வந்தாள்.

"நர்ஸம்மா மேல தப்பில்லீங்கம்மா. கட்டைய எடுத்து ஒலர்ந்த எடத்துல வெய்யின்னு கம்பவுண்டரு சொல்லிட்டுப் போனாருங்க. இவங்க வெச்சாங்க."

"ஐயோ, நான் சொன்னது பேட்டரிக் கட்டைங்கம்மா!" என்று பதறினார் கம்பவுண்டர். "டார்ச்சுக் கட்டை! இவங்களுக்கு வெளங்கல!"

டாக்டரம்மா அவரை நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டைன்னா விறகுதானே?"

டாக்டரம்மா மறுபடி விறகு அடுக்கைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் இதைத்தான் தூக்கி வெச்சிருப்பேன்" என்றார்.

ஒன்பது மாதமாக நான் பேசிய தமிழைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் பேசியதைக் கேட்டு நான் விழித்தேன். சாக்கைக் கொண்டுவந்தவள் என்று குழந்தைகள்கூடப் பின்னால் ஓடிவந்தன. நான் நினைத்ததையே நினைக்கும் ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் எந்தக் கை என் தலைவிதியை எழுதுமோ அந்தக் கைக்குச் சொந்தக்காரர்.

டாக்டரம்மா டார்ச்சைக் கேட்டார். கொடுத்தேன். பொத்தானைத் தள்ளினார், எரிந்தது. மூடியைத் திருகினார், வழுக்கிக்கொண்டு வந்தது. புதிதாகச் சுரண்டிய ஸ்பிரிங் பளபளத்தது. பிறகு துணி சுற்றியிருந்த என் விரலைப் பார்த்தார்.

"கசிஞ்சுதா?"

"கசிந்ததும்மா. நேற்றுதான் பார்த்தேன். பழசைத் தள்ளிவிட்டுச் சுத்தம் பண்ணிப் புதுசு போட்டேன்."

"ஓசூர்லேர்ந்து நாலு இடம் பார்த்துட்டு வர்றேன். நாலு இடத்திலயும் டார்ச் மூடியே திறக்கலை. நாலு பேரும் மழை மேல பழியைப் போட்டாங்க." மூடியைத் திருகி என் கையில் கொடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள விறகு வெளிய போகணும்."

"போய்விடும்மா."

"நீங்களும் தூக்குங்க" என்றார் கம்பவுண்டரிடம்.

மேஜையில் உட்கார்ந்து பார்வைப் புத்தகத்தில் எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை, தைரியமில்லை. அவரே புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழுந்தார். நிரந்தரமாக்கலாம் என்று இருந்தது. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன்.

ஜீப்பில் ஏறும்போது, "வந்ததிலேர்ந்து நீ லீவே எடுக்கலைபோல. ஊருக்குப் போகணும்னா எழுதிக் கொடு" என்றார்.

"வேணாங்கம்மா" என்றேன். "நான் இங்கியே இருந்துக்கறேங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. அந்த ஊர்ப் பேச்சு அப்படியே வந்தது. ஜீப் திரும்பி மறைந்ததும் ஆயா என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், கண்ணீர் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. உள்ளே கம்பவுண்டர் முதல் சுமை விறகைத் தூக்கிக்கொண்டு, "இந்தக் கட்டைய எங்க வெய்க்கறது, நர்ஸம்மா?" என்று கேட்டார்.